விரிவுரையை விட்டுக் கடைத்தெருவுக்குப் போகும் பிற்பகல்: யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வாசலிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஓர் அரையாண்டோ இரண்டு அரையாண்டோ படிக்க வருகிற பிள்ளைகள் மேல்மாடி அறையில் தங்குவது வழக்கம். தமிழ் படிக்க வந்தவர்கள், ஆய்வுக்கு வந்தவர்கள், மருதனார்மடத்தில் இசையோ நடனமோ பயில வந்தவர்கள் என்று பலரை அந்த அறை கண்டிருக்கிறது. எந்த நாட்டிலிருந்து வந்தவராயினும், மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, "அன்ரி, இண்டைக்குப் பின்னேரம் வகுப்புக்குப் போகேல்லை, ரவுணுக்குப் போகப்போறன்" என்று சொல்லாமல் இருந்ததில்லை. இதை எங்கள் ஊரில் கள்ளமடிப்பது என்போம். பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கிய நாளிலிருந்தே பலாலி வீதி பஸ்கள் கள்ளமடித்த மாணவர்களை நகருக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

தடுப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். போன பிள்ளைகள் திரும்பி வந்த கோலம்தான் என்னை எழுதவைத்தது. புத்தகக் கட்டுக்கு அடியில் நசுங்கிய முந்திரிகைப் பழமும் (திராட்சை), தைக்க நாளில்லாமல் வாங்கிய சட்டைத் துணியும், ஐயாயிரம் ரூபாய்த் தாளை மாற்ற முடியாமல் வாங்காமலே விட்டுவந்த பனங்கட்டியுமாக (பனைவெல்லம்) வாடி வந்து படியில் உட்காருவார்கள். வெயில், பாரம், கடை பூட்டும் நேரம் ஆகிய மூன்றையும் கணக்கில் எடுத்து வரிசைப்படுத்தினால், ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரையுள்ள நேரம் தாராளமாகப் போதும்.

எந்த வகுப்பை விடலாம்

முதலில் கணக்கு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பரீட்சைக்கு அமர 80 வீத வரவு வேண்டும் என்பது பரவலான நடைமுறை. உங்கள் கற்கைநெறிக்கு என்ன விதி என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினைந்து வாரத்துக்கு வாரம் ஒரு வகுப்பு என்றால் பன்னிரண்டுக்குப் போயாக வேண்டும், மூன்றை விடலாம். அந்த மூன்றில் ஒன்றைக் காய்ச்சலுக்கென்று ஒதுக்கி வையுங்கள். மழைக்காலத்தில் வருகிறவர்களாயின் இரண்டை ஒதுக்குங்கள், ஏனென்றால் கார்த்திகை, மார்கழி மழையோடு டெங்கும் இங்கே வந்துவிடும். ஆகவே உங்கள் கையில் உண்மையாக இருப்பது ஒரு பிற்பகல், மிஞ்சினால் இரண்டு.

செய்முறை வகுப்பையும், புள்ளி வழங்கும் வகுப்பையும், ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் பயிற்சி வகுப்பையும் விடாதீர்கள். நூறு பேர் அமரும் பொது விரிவுரையை, குறிப்பை ஒழுங்காக எழுதும் நண்பர் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பது உறுதியான பிறகு விடலாம். வரவுத்தாளில் உங்களுக்காக வேறொருவரைக் கையொப்பம் வைக்கச் சொல்லாதீர்கள். வகுப்பை விட்டது உங்கள் தவறாக இருக்கும்வரை சிறிய தவறு, இன்னொருவர் கை அதில் பட்டால் அது வேறு விடயம். மாணவர் விசாவில் இருப்பவர்கள், விசாவை நீடிக்கும்போது பல்கலைக்கழகத்தின் கடிதம் தேவைப்படும் என்பதையும், அந்தக் கடிதத்தில் கையொப்பமிடுகிறவர் உங்கள் வரவைப் பார்த்திருப்பார் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சுகமில்லை என்று பொய் சொல்வதும் வேண்டாம். அறத்தை விடுங்கள், ஊர் சிறியது. நீங்கள் சேலை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கடையில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் உங்கள் விரிவுரையாளரின் மாமியாராக இருக்கலாம். என் வீட்டில் இருந்த ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது. கேட்டால், "ஒரு வேலையாக ரவுணுக்குப் போனனான் சேர்" என்று சொன்னால் போதும்.

நாளும் காசும்

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று சொல்வார்கள். கடைத்தெருவைப் பொறுத்தவரை அது முழுக்கச் சரி. ஞாயிற்றுக்கிழமையில் நகரின் பல கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போகும் கூட்டமும் சேர்ந்துவிடும். சனிக்கிழமையில் தீவுப்பகுதி, வடமராட்சி, தென்மராட்சி எல்லாம் பஸ்ஸேறி நகருக்கு வந்துவிடும். போயா (பௌர்ணமி) நாள் பொது விடுமுறை என்பதால் விடுவதற்கு வகுப்பே இராது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரத்தில் துணிக்கடைக்குள் போகாதீர்கள், உங்களைக் கவனிக்க எவருக்கும் நேரமில்லை. நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாட்களும் தனிக் கதை. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டு, அங்கேயே தற்காலிகக் கடைகள் முளைத்துவிடும்; வளையல், விளையாட்டுச் சாமான், கச்சான் (வேர்க்கடலை) வாங்குவதற்கு அது நல்ல இடம், துணிக்கும் கறித்தூளுக்கும் அல்ல.

காசைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வங்கி இயந்திரம் உங்களுக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளைத் தரும், சந்தையில் வாழைப்பழம் விற்கும் அம்மாவோ அதைக் கண்டதும் முகத்தைத் திருப்புவார். முதலில் சுப்பர் மார்க்கெட் ஒன்றில் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் வாங்கி அந்தத் தாளை மாற்றுங்கள். ஆஸ்பத்திரி வீதியில் இருக்கும் கார்கில்ஸ் கட்டடம் இதற்கு வசதி. நூறும் ஐந்நூறும் தனித்தனியாக இருக்கட்டும். அட்டை பெரிய கடைகளில் செல்லும், சந்தையில் செல்லாது.

குடை, தண்ணீர், கழற்றி மாட்ட இலகுவான செருப்பு, கடவுச்சீட்டின் படப்பிரதி, இரண்டு துணிப்பை. இவை போதும். முதுகில் மாட்டும் மடிக்கணினிப் பையை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அதைச் சுமந்துகொண்டு சந்தை ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஒரு தட்டு தக்காளியாவது கீழே விழும்.

போகும் வழி

திருநெல்வேலிச் சந்தியில் நின்றால் பலாலி வீதி வழியாக நகருக்குப் போகும் பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸும் தனியார் மினிபஸ்ஸும் ஒரே வழியில்தான் ஓடுகின்றன. கந்தர்மடம், ஆரியகுளம் கடந்து மத்திய பஸ் நிலையம் வரை ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். திரும்பும்போது நடத்துநர் "தின்னவேலி, தின்னவேலி" என்று கூவுவார்; திருநெல்வேலியைத்தான் அப்படிச் சொல்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பையன் இந்தப் பெயர் விளங்காமல் மூன்று பஸ்களை விட்டுவிட்டு நின்றான். ஓட்டோவில் போவதாயின் ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்யுங்கள்.

ஒரு மணி முதல் மூன்று மணி வரை: கூரைக்குக் கீழே

இந்த இரண்டு மணி நேரமும் வெயிலுக்கு உரியது. ஆகவே கூரையும் மின்விசிறியும் உள்ள கடைகளையே இப்போது பார்க்க வேண்டும்.

புத்தகத்தில் தொடங்குங்கள். ஆஸ்பத்திரி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. ஈழத்து எழுத்தாளர்களின் நூல்களும், இங்குள்ள பாடநூல்களும், சிற்றிதழ்களும் பிற நாடுகளில் இவ்வளவு எளிதாக ஓரிடத்தில் கிடைக்கமாட்டா. தெரிவுசெய்து காசைக் கொடுத்துவிட்டு, "வைச்சிருங்கோ, பின்னேரம் வந்து எடுக்கிறன்" என்று சொல்லிப் பொதியை அங்கேயே விட்டுப் போங்கள். இங்கு பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. பாரத்தைக் கடைசியில் எடுப்பது என்ற இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி அலுப்பு குறைந்துவிடும். எழுதுபொருள் வேண்டுமாயின் கொப்பி, பேனை என்று கேளுங்கள். சவர்க்காரம், சீனி, பாண், கதிரை என்று இன்னும் பல சொற்கள் சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வருகிறவர்களுக்குப் புதிதாக இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அடுத்து கஸ்தூரியார் வீதியும் கன்னாதிட்டியும். வரிசையாக நகைக்கடைகள். கள்ளமடித்த பிற்பகலில் தங்கம் வாங்காதீர்கள் என்பதே என் கண்டிப்பான கருத்து. அது தாயோடோ பெரியம்மாவோடோ வந்து செய்யும் காரியம். பார்க்கலாம், கேட்கலாம். இங்கே பவுண் என்றால் எட்டுக் கிராம், பெரும்பாலான நகைகள் 22 கரட், அதாவது 91.6 வீதம் தங்கம். அன்றைய பவுண் விலையோடு செய்கூலி, சேதாரம் என்ற இரண்டும் சேர்ந்துதான் நகையின் விலை வரும். பவுண் விலையில் பேரம் இல்லை, மற்ற இரண்டிலும் உண்டு. வெள்ளிக் கொலுசு, சிறிய தோடு போன்றவற்றுக்கு இந்த வீதியில் ஒரு மாணவரின் காசு போதும். எதை வாங்கினாலும் நிறை எழுதிய பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனித் துணி. இங்கே நின்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவதும் அதிகம் மகிழ்வதும் இதில்தான். நவீன சந்தைக் கட்டடத்திலும் காங்கேசன்துறை வீதியிலும் துணிக்கடைகள் நிறைய உண்டு. விலை அச்சடித்து ஒட்டிய பெரிய கடைகளில் பேரம் பேசுவது பொருத்தமில்லை. மொத்தத் தொகையில் ஏதாவது கழிக்க முடியுமா என்று காசுக் கவுண்டரில் ஒருமுறை கேட்கலாம், அவ்வளவுதான். நவீன சந்தையின் சிறு கடைகளில் பேசலாம். பேசும் முறை முக்கியம். "இது கூட விலை" என்று தொடங்கினால் கடைக்காரரின் முகம் இறுகும். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்றால் அவரே குறைப்பார். வாங்க விருப்பமில்லையாயின் "வேண்டாம்" என்று வெட்டிச் சொல்லாமல், "யோசிச்சிட்டு வாறன்" என்று எழும்புவதே இங்குள்ள மரியாதை. திரும்பி வரமாட்டீர்கள் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் பத்துச் சேலையை விரித்துக் காட்டியவருக்கு அந்த ஒரு சொல்லையாவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சேலை வாங்கினால் சட்டைத் துணி உள்ளேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். தைத்து எடுக்கக் குறைந்தது ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தையற்காரர் மூன்று நாள் என்று சொன்னாலும். அளவுக்கென்று நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுபோவது, அளவுநாடாவை நம்புவதைவிட மேல். பருத்தி என்று சொல்லி விற்பதைக் கையால் கசக்கிப் பாருங்கள். மடிப்பு விழுந்து நின்றால் பருத்தி அதிகம், உடனே நிமிர்ந்தால் கலப்பு. கடும் சிவப்பையும் கடும் நீலத்தையும் ஈரக் கைக்குட்டையால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்: பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் எடுத்த சிவப்புச் சேலை முதல் தோய்ப்பிலேயே வாளி முழுவதையும் குங்குமமாக்கியது, பற்றுச்சீட்டு இல்லாததால் கடைக்காரர் என்னைப் பார்த்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

ஆண்பிள்ளைகளுக்கு வேட்டி. நான்கு முழம் வீட்டுக்கும் கோயிலுக்கும் போதும், எட்டு முழம் கல்யாண வீட்டுக்கு. நல்லூருக்குப் போகிற எண்ணமிருந்தால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே விலையுயர்ந்த மேற்சட்டையைத் தேடி அலையாமல் ஒரு நல்ல சால்வையை எடுங்கள். ஒட்டும் வேட்டியைப் பற்றி நான் கருத்துச் சொல்வதாக இல்லை.

துணிக்கடையில் இருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "பிள்ளை எந்த இடம்?" என்று தொடங்கும். கனடா, ஜேர்மனி, நோர்வே என்று சொன்னால் அடுத்தது, "அம்மா அப்பா எந்த ஊர்?" அதற்கும் பதில் சொன்னால், "ஆற்றை மகள்?" (யாருடைய மகள் என்று பொருள்). இதைச் சிலர் துருவுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது அறிமுகம். ஊர்ப் பெயரைச் சொன்னால் விலை பெரும்பாலும் குறையும். முழு வம்சத்தையும் சொன்னால், நீங்கள் வகுப்பில் இல்லாமல் கடையில் இருந்த செய்தி உங்களுக்கு முன்பே ரொறன்ரோவுக்குப் போய்விடும். ஊரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்று மணி: ஒரு தேநீர்

இப்போது இருங்கள். பெரிய கடைப் பகுதியில் மலாயன் கஃபே இருக்கிறது. மதியச் சாப்பாட்டை வீட்டில் தவறவிட்டு வந்தவர்கள் ஒரு மணிக்கே இங்கு வந்து வாழையிலையில் சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. மூன்று மணிக்கு வடையும் பிளேன்ரீயும் போதும். நல்லூர்ப் பக்கம் ரியோவில் ஐஸ்கிறீம் குடிக்க ஆசை வருவது இயல்பு (இங்கே ஐஸ்கிறீமையும் குடிப்பதாகத்தான் சொல்வோம்), ஆனால் அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போனால் சந்தை தவறிவிடும்.

மூன்றரைக்குப் பிறகு: சந்தை

வெயில் சாயத் தொடங்கும்போது சந்தைப் பகுதிக்குள் நுழையுங்கள். முதலில் தூள். தமிழ்நாட்டில் மிளகாய்த்தூள் என்றால் மிளகாய் மட்டும். யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள் என்று கேட்டால், செத்தல் மிளகாயோடு மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைத்த கறித்தூளைத்தான் எடுத்துத் தருவார்கள். அந்தப் பையன் (பஸ்ஸை விட்டவன்தான்) அதை வாங்கி வந்து சாம்பாரில் மூன்று கரண்டி போட்டான். நாங்கள் அதைக் கறியென்று சொல்லிச் சாப்பிட்டு முடித்தோம். வெறும் மிளகாய் வேண்டுமானால் தனி மிளகாய்த்தூள் என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் வீட்டில் வறுத்து மில்லில் அரைப்பித்த தூளுக்கு எதுவும் ஈடில்லை. அதற்கு வழியில்லாதவர்கள் அரைத்த திகதி எழுதிய பக்கற்றை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய்ப் பெருஞ்சீரகத்தின் வாசனை முன்னுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய தூளில் மிளகாய் நெடி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பக்கற்றில் அடைத்த எந்தப் பொருளிலும் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கும், அதற்கு மேல் எவரும் கேட்க முடியாது. கேட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய் ஆகிய இரண்டும் பாரமில்லாதவை, பல மாதம் கெடாதவை. பருத்தித்துறை வடை என்று சொல்லும் தட்டை வடையும் அப்படியே. ஆனால் நொறுங்கும், ஆகவே பையின் மேற்பக்கத்தில் வையுங்கள். கருவாடு வாங்குவதாயின் எல்லாவற்றுக்கும் கடைசியில் வாங்கி, மூன்று பையில் கட்டச் சொல்லுங்கள். பஸ்ஸில் உங்களோடு வருகிறவர்களும் மனிதர்கள்.

பழம் காலத்தைப் பொறுத்தது. கறுத்தக் கொழும்பான் மாம்பழம் வைகாசி, ஆனி மாதங்களை ஒட்டி வரும். அதன் பெயரைச் சொல்லி மார்கழியில் எவராவது விற்றால் புன்னகைத்துவிட்டு நடவுங்கள். தோல் பச்சையாக இருந்தாலும் உள்ளே செம்மஞ்சளாக இருப்பதுதான் அதன் இயல்பு, நிறம் பார்த்துக் கழிக்காதீர்கள். காம்படியை முகர்ந்து பாருங்கள். வாழைப்பழம் எப்போதும் உண்டு: கதலி, இதரை, கப்பல். உடனே சாப்பிடக் கதலி. நீர்வேலிக் குலை என்று சொல்லி விற்றால் ஒரு சீப்புக் கூடவே எடுக்கலாம்.

பனைப் பொருட்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் தகும். பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையமான கற்பகத்தில் விலை நிலையானது, பொருளும் நம்பக்கூடியது. சந்தையில் தெரிவு அதிகம். பனங்கட்டி குட்டான் என்ற சிறிய ஓலைப் பெட்டியில் வரும். மிக வெளிறிய நிறத்தில், கற்கண்டுபோல் மினுங்கிக்கொண்டிருந்தால் சீனி கலந்ததா என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல பனங்கட்டி கருமைகலந்த மண்ணிறத்தில் இருக்கும், மழைக்காலத்தில் கசியும். ஆகவே காற்றுப்புகாத போத்தலில் போட்டு வைக்க வேண்டும். ஒடியல் வேறு, புழுக்கொடியல் வேறு. பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவில்தான் கூழும் பிட்டும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அதைத் தேங்காய்ச் சொட்டோடு (தேங்காய்த் துண்டு) சப்பிச் சாப்பிட வேண்டும், பல் உறுதியாக இருப்பவர்களுக்கு. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தி எடுப்பது பனாட்டு. முதல் தடவை சாப்பிடுகிறவர் முகம் சுளிப்பார், மூன்றாம் தடவை தானே தேடுவார். தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லிரசமும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டியது, ஆனால் கண்ணாடிப் போத்தல், பாரம், விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது. இங்கேயே குடித்து முடிப்பவர்களுக்கு அது ஏற்றது.

ஓலைப் பின்னல்களில் மாணவர்கள் வழக்கமாகத் தொப்பியையும் அலங்காரப் பெட்டியையும் எடுக்கிறார்கள். நான் நீத்துப்பெட்டியை எடுக்கச் சொல்வேன். பிட்டவிக்கும் கூம்பு வடிவப் பெட்டி அது. கையில் எடுத்தால் பாரமே தெரியாது, விலையும் பெரிதல்ல, ஒஸ்லோவிலோ லண்டனிலோ உள்ள சமையலறையில் எந்தப் பானையின் வாயிலும் பொருந்தி இருக்கும், உலோகக் குழலில் வராத மென்மை அதில் வரும். வாங்கியதும் வெந்நீரில் ஒருமுறை அவித்து வெயிலில் காயவைத்த பிறகே பாவிக்க வேண்டும். சிறிய சுளகு (முறம்) ஒன்றும் பயணப்பெட்டியின் அடியில் தட்டையாகக் கிடக்கும்.

ஊருக்குத் திரும்பும் நாள் அண்மித்திருந்தால், எதை எடுத்துப்போகலாம் என்பதையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்கள் பயணப்பையில் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது. பழங்களுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே கதலி விமானம் ஏறலாம், கறுத்தக் கொழும்பான் ஏற முடியாது. இந்த அநீதியைக் கேட்டு அழுத பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். கருவாடு உட்பட மீன் வகை 20 கிலோ வரை அனுமதிக்கப்படுகிறது. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் ஓலைப் பெட்டி உட்பட உணவு, தாவரப் பொருட்கள் அனைத்தையும் அறிவிப்புப் படிவத்தில் எழுதுங்கள். எழுதியதைப் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், எழுதாததற்குத்தான் தண்டம்.

ஆறு மணிக்கு முன்

ஐந்தரைக்குப் புத்தகசாலைக்குத் திரும்பிப் பொதியை எடுங்கள். ஆறு மணியை ஒட்டிக் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கும். கொழும்பைப்போல் இரவு ஒன்பது வரை விளக்கெரியும் என்று நினைத்து நின்றவர்கள் உண்டு. இருட்டிய பிறகு பஸ்களும் குறையும். புத்தகம் அடியில், துணி நடுவில், பழமும் வடையும் மேலே, கருவாடு தனியே. ரியோவுக்குப் போக இன்னும் தெம்பிருந்தால் இப்போது போகலாம், அங்கிருந்து திருநெல்வேலி அதிக தூரமில்லை.

வீட்டுக்கு வந்ததும் விறாந்தையில் எல்லாவற்றையும் பரப்பி, என்ன விலைக்கு எதை வாங்கினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை பேரம் பேச அந்தத் தாள் உதவும், எனக்கும் சந்தை விலை தெரியவரும். பிறகு குளித்துவிட்டு, உள்ளே இருந்த நண்பரிடமிருந்து விரிவுரைக் குறிப்பை அன்றிரவே வாங்கிப் பாருங்கள். படம் பிடித்து அனுப்பச் சொல்லாதீர்கள், கையால் பிரதி எடுங்கள். விளங்காத இடம் அப்போதுதான் தெரியும், அதை அடுத்த நாளே கேட்கவும் முடியும். வாங்கிய பனங்கட்டியில் ஒரு குட்டானை அந்த நண்பருக்கென்று தனியே எடுத்து வையுங்கள். மற்றதைக் குசினி அலுமாரியில், இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, போத்தலைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். எங்கள் வீட்டு எறும்புகளுக்கு வரவு எப்போதும் நூறு வீதம்.